வெயிலைச் சேமிக்கும் ஊர்: காரைக்குடியில் ஓர் உலா

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தால் இரவில் காரைக்குடி ஜங்ஷனில் இறங்கலாம். ஆனால், இந்த ஊர் தன் குணத்தைக் காட்டுவது மறுநாள் காலை பத்து மணிக்கு மேல்தான். அதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். செம்மண் பூமி. வற்றாத ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மழை பெய்தால் ஊருணி நிறையும். பெய்யாவிட்டால் வெயில்தான் மிச்சம்.

அந்த வெயிலைச் செட்டிநாட்டுக்காரர்கள் வீணாக்கியதில்லை. பங்குனி, சித்திரையில் பழைய வீடு ஒன்றின் வளவுக்குள் எட்டிப் பாருங்கள். நாலு பக்கமும் தூண்கள், நடுவில் திறந்த வானம். அங்கே வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் கூழ் வத்தல் பிழிந்து வைத்திருப்பார்கள். காக்காய் விரட்ட ஒரு பொடிசு குச்சியோடு காவல் இருக்கும். இரண்டு மூன்று நாள் காய்ந்ததும் வத்தல் டின்னுக்குள் போகும். ஐப்பசி அடைமழையில் அதை எண்ணெயில் போட்டுப் பொரித்தால், சித்திரை வெயில் தட்டில் வந்து உட்காரும்.

மழைக்கும் இதே கணக்குதான். ஓட்டுக் கூரையில் விழும் தண்ணீர் நான்கு பக்கமும் சரிந்து வளவுக்குள்ளே வரும். அதை அண்டாவில் பிடிப்பார்கள். மிச்சம் வடிகால் வழியாக வெளியே போகும். கிடைக்கும்போது எடுத்து வை, இல்லாதபோது எடுத்துக்கொள். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் கொண்ட செட்டிநாட்டின் வாழ்க்கைப் பாடம் இதுதான்.

அதே பாடத்தை மின்சாரத்துக்கும் சொல்லித் தரும் இடம் ஒன்று காரைக்குடியிலேயே இருக்கிறது. கோயிலும் அரண்மனை வீடும் பார்க்க வருகிறவர்களில் பலர் அதன் வாசலைக் கடந்து போய்விடுகிறார்கள்.

முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சமும்

கல்லூரிச் சாலையில் போனால் மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய வளாகம் வரும். பெயர்ப்பலகையில் ‘மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்’ என்றிருக்கும். ஆட்டோக்காரரிடம் அவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டாம். ‘சிக்ரி’ என்றால் போதும்.

நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, தேசிய ஆய்வகங்களை எங்கெங்கே அமைப்பது என்ற பேச்சு எழுந்தது. அவற்றை உருவாக்கும் பொறுப்பு விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகரிடம் இருந்தது. இப்படியோர் ஆய்வகம் பெருநகரத்துக்குத்தான் போகும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்ச ரூபாயையும் கொடுத்து அதைக் காரைக்குடிக்கு அழைத்து வந்தார். அன்றைய 15 லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை.

1948 ஜூலை 25-ல் பிரதமர் ஜவஹர்லால் நேரு இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். சூரியனுக்குப் பொங்கல் வைக்கும் நாட்களையொட்டித் திறப்பு விழா அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமாக இருக்கிறது. அதற்கு அடுத்த வருடம், 1954-ல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தை உலகத்துக்குக் காட்டியது. தன்மேல் விழுந்த வெளிச்சத்தில் சுமார் 6 சதவிகிதத்தை அது மின்சாரமாக மாற்றியது. இன்று மொட்டை மாடிகளில் இருக்கும் பலகைகள் 20 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டன.

மின்வேதியியல் என்றதும் மிரள வேண்டாம். டார்ச் லைட் பேட்டரி, வண்டி பேட்டரி, கவரிங் நகைக்கு முலாம் பூசுவது, இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது எல்லாமே இந்தப் பிரிவுக்குள் வரும். சுருக்கமாகச் சொன்னால், மின்சாரத்தை வேதிப்பொருளுக்குள் பூட்டி வைப்பதும் தேவைப்படும்போது திறந்து எடுப்பதும்தான். வத்தல் டின் மாதிரி.

ஆய்வகம் கிராமத்துக்குப் போன கதை

ஆய்வகம் வந்துவிட்டது. ஊருக்கு என்ன கிடைத்தது? நியாயமான இந்தக் கேள்விக்குப் பதில் தேட, காரைக்குடியிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் மேற்கே போக வேண்டும். மயிலைப் போலத் தோற்றமளிக்கும் குன்றின்மேல் முருகன் இருக்கும் குன்றக்குடி அங்கே இருக்கிறது.

மலையடிவாரத்தில் இருக்கும் மடத்தின் தலைவராக இருந்தவர் குன்றக்குடி அடிகளார் (1925–1995). சமயப் பேச்சாளராகத்தான் தமிழ்நாடு அவரை அதிகம் அறியும். ஆனால், ஊர் மக்களைக் கூட்டி, யாருக்கு வேலை இல்லை, எந்த நிலம் சும்மா கிடக்கிறது என்றெல்லாம் கேட்டுத் திட்டம் போட்டவரும் அவரே. அந்தக் கிராமத் திட்டத்துக்குப் பக்கத்திலிருந்த சிக்ரி விஞ்ஞானிகளையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். மடமும் ஆய்வகமும் ஊர் மக்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியது அபூர்வமான காட்சிதான். மத்திய திட்டக் குழுவே இதைக் கவனித்தது. ‘குன்றக்குடி பாணி’ என்ற பெயரும் வந்தது.

படித்தவர்களுக்குத் தெரிந்தது பாமரர்களின் கைக்கு வர வேண்டும். அடிகளார் அன்று செய்து பார்த்தது இதைத்தான். இன்று மாணவர்களுக்கும் ஊர் மக்களுக்கும் நடக்கும் சூரிய மின்சாரப் பயிலரங்குகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன, கொஞ்சம் சின்ன அளவில்.

எலுமிச்சம்பழத்தில் தொடங்கும் பாடம்

சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்., 2017 ஜூலையில் ‘ஜிக்யாசா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அறியும் ஆவல் என்று பொருள். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளோடு கைகோத்து ஆரம்பித்த இந்தத் திட்டத்தில், நாடு முழுக்க இருக்கும் 38 ஆய்வகங்கள் மாணவர்களுக்குக் கதவைத் திறந்தன. வெள்ளைக் கோட்டு போட்ட விஞ்ஞானியின் பக்கத்தில் நின்று, பாடப் புத்தகத்தில் படம் மட்டும் பார்த்ததைத் தொட்டுப் பார்க்கலாம்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிய செய்முறைப் பயிலரங்கு எங்கே நடந்தாலும், அது பெரும்பாலும் இப்படித்தான் போகும். மேஜையில் முதலில் வருவது எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் துத்தநாகம் பூசிய ஆணி, மறுபக்கம் செம்புக் கம்பி. மல்டிமீட்டரை வைத்தால் முள் அசையும், அல்லது எண் ஓடும். சுமார் 0.9 வோல்ட்.

“அப்போ லைட் எரியுமா சார்?” என்று ஒரு குரல் கட்டாயம் வரும்.

எரியாது. சின்னச் சிவப்பு எல்.இ.டி.க்கே ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். இரண்டு பழத்தைக் கோத்தாலும் தயங்கும். மூன்று, நான்கு பழங்களை வரிசையாகக் கோத்தால் மெல்லிய சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும். அறையின் ஜன்னலைச் சாத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால், அந்தப் புள்ளிக்கு விழும் கைத்தட்டல் பெரிதாக இருக்கும்.

அடுத்து வரும் விளக்கம்தான் முக்கியம். மின்சாரம் பழத்துக்குள் இல்லை. ஆணியின் மேலிருக்கும் துத்தநாகம் புளிப்பில் கரைகிறது. அந்தக் கரைசலில்தான் மின்சாரம் பிறக்கிறது. 1800-ல் இத்தாலியின் வோல்டா இரண்டு வகை உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த துணியையும் அடுக்கிச் செய்த முதல் பேட்டரிக்கும் இதே தத்துவம்தான்.

வெயில் வேறு, வெப்பம் வேறு

பிறகு எல்லோரும் வெளியே வர வேண்டும். கையில் சூரியப் பலகை. 12 வோல்ட் பேட்டரிக்கான பழைய மாதிரிப் பலகை என்றால் அதில் 36 சதுரங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் அரை வோல்ட் தரும் மின்கலம். எல்லாம் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை.

“ஒரே ஒரு சதுரத்தை மட்டும் கையால் மூடு” என்பார்கள். மூடினால் மீட்டரில் மின்னோட்டம் சட்டென்று விழும். முப்பத்தாறில் ஒன்றுதானே, கொஞ்சம்தானே குறைய வேண்டும்? அப்படி இல்லை. குழாயில் ஓர் இடத்தை மிதித்தால் தண்ணீர் முழுக்கத் தடைபடும் அல்லவா, அதுபோலத்தான். மாடியில் பலகை வைத்துவிட்டுப் பக்கத்துத் தென்னை ஓலையின் நிழலை அலட்சியப்படுத்துகிற வீட்டுக்காரர்கள் நேரில் பார்க்க வேண்டிய காட்சி இது.

அடுத்த சோதனை இன்னும் ஆச்சரியம். வெயிலில் கொதித்துக் கிடக்கும் சின்னப் பலகையை ஈரத் துணியால் துடைத்துக் குளிர வைத்தால், வோல்ட் கூடும். காரணம், பலகைக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அதன் திறன் சுமார் 0.4 சதவிகிதம் குறையும். அதனால்தான் பலகைக்குக் கீழே காற்று ஓட இடம் விட்டு வைக்கிறார்கள்.

இந்த உண்மை செட்டிநாட்டுக் கொத்தனார்களுக்கு வேறு விதத்தில் தெரிந்திருந்தது. உயரமான கூரை, கெட்டியான சுவர், சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்த பூச்சு, சூடான காற்று மேலேறிப் போக வளவு. வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே நிறுத்தினார்கள். ஆத்தங்குடித் தரைக் கல்லும் சூளை காணாதது. கண்ணாடியின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காய வைப்பதோடு சரி. விறகும் இல்லை, நெருப்பும் இல்லை. மின்சாரத்தைச் சேமிக்க நல்ல வழி, அது தேவைப்படாத வீட்டைக் கட்டுவதுதான் என்று இந்தத் தெருக்கள் நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கையால் செய்த விளக்கு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சால்டரிங் ஊதுவத்தி வாசனை போலப் புகையும். பலகை, சார்ஜ் செய்யும் சின்ன சர்க்யூட், பேட்டரி, எல்.இ.டி. இந்த நான்கையும் கோத்தால் சூரிய விளக்கு ரெடி. 2019 அக்டோபர் 2-ல், காந்தியின் 150-வது பிறந்த நாளில், ஐ.ஐ.டி. பம்பாய் எடுத்த முயற்சியில் நாடெங்கும் மாணவர்கள் இப்படித்தான் தங்கள் விளக்கைத் தாங்களே செய்தார்கள்.

பார்க்க எளிது. செய்யும்போதுதான் தெரியும். சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் மாறிப் போனால் விளக்கு எரியாது. ஈயப் பொட்டு சரியாக ஒட்டாவிட்டால் எரிந்து எரிந்து அணையும். முதல் தடவையிலேயே எரிந்த பிள்ளையைவிட, எரியாமல் போய், எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடித்த பிள்ளைதான் அன்று அதிகம் கற்றுக்கொண்டு போகும்.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? கிராமப்புறச் சாலைகளில் பயணம் செய்தவர்கள் கவனித்திருப்பார்கள். உச்சியில் சூரியப் பலகையோடு தெருவிளக்குக் கம்பம் நிற்கும், இரவில் எரியாது. பலகை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு ஆயுள் 25 வருடம். செத்துப் போனது பேட்டரி. தண்ணீர் ஊற்றாமல் விட்டிருப்பார்கள், அல்லது ஒவ்வொரு நாளும் அடிமட்டம் வரை காலி செய்திருப்பார்கள். சில இடங்களில் ஒரு கம்பி கழன்றிருக்கும், அவ்வளவுதான். பழுது பார்க்க ஊரில் ஒரு ஆள் இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. ஆள் இல்லாததால், அந்தத் தெருவில் டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளை இருட்டில் நடக்கிறாள்.

வெயில் இலவசம். பலகையின் விலையும் இறங்கிவிட்டது. இன்றைக்குக் குறைவாக இருப்பது, அதைத் தெரிந்த கைகள்தான். பயிலரங்கு உருவாக்குவது விளக்கை அல்ல, அந்தக் கைகளை.

பென்சிலுக்குள் இருக்கும் பேட்டரி

சேமிப்பு என்று வரும்போது இந்த மாவட்டத்துக்கு இன்னொரு சொத்தும் உண்டு. சிவகங்கைப் பக்கம் மண்ணுக்கடியில் கிராஃபைட் கிடைக்கிறது. தமிழக அரசின் டாமின் நிறுவனம் அதைத் தோண்டிச் சுத்திகரிக்கிறது. பென்சிலின் கறுப்புக் குச்சியில் இருப்பது இதே கிராஃபைட்தான். உங்கள் கையில் இருக்கும் செல்போனின் லித்தியம் அயான் பேட்டரியிலும் ஒரு முனை கிராஃபைட்டால் ஆனது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் அதன் அடுக்குகளுக்குள் போய் ஒண்டிக்கொள்ளும். பேசும்போது வெளியே வரும். தாதுவை பேட்டரித் தரத்துக்குத் தூய்மையாக்குவது தனி வேலை.

அந்த பேட்டரியை உருவாக்கியதற்காக 2019-ல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அதற்கு முந்தைய வருடமே, 2018-ல், உள்நாட்டிலேயே லித்தியம் அயான் பேட்டரி செய்யும் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க சிக்ரி ஒப்பந்தம் போட்டது. சிவகங்கை மண்ணின் பொருளும் காரைக்குடி ஆய்வகத்தின் அறிவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கப் போகிறவர், இன்று எலுமிச்சம்பழத்தில் கம்பி குத்திக்கொண்டிருக்கும் யாரோ ஒருவராக இருக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு என்ன கணக்கு?

பொதுமக்களும் கலந்துகொள்ளும் பயிலரங்குகளில் கடைசி ஒரு மணி நேரம் கேள்வி நேரம். அங்கே கட்டாயம் வரும் சில விஷயங்கள் இவை.

ஒரு கிலோவாட் பலகைக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். தெற்குப் பார்த்து, லேசான சாய்வில் வைக்க வேண்டும். காரைக்குடி பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரி வடக்கே இருப்பதால் சாய்வும் ஏறக்குறைய 10 டிகிரி போதும்.

2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் அறிவிக்கப்பட்டது.

“கரன்ட் போனாலும் எங்க வீட்டு ஃபேன் ஓடும்ல?” என்று ஆச்சி ஒருவர் கேட்டால், பதில் அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பு, கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு அது. கரன்ட் போன நேரத்திலும் ஃபேன் ஓட வேண்டுமானால் பேட்டரி வேண்டும். மறுபடியும் சேமிப்புக்கே வந்துவிட்டோம்.

பலகையைக் காலையிலோ மாலையிலோ கழுவுங்கள். உச்சி வெயிலில் சுடும் கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விழலாம். பழைய லெட் ஆசிட் பேட்டரியைத் தெருவில் வருகிறவரிடம் எடைக்குப் போடாமல், விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஈயம் விஷம், குழந்தைகளை அதிகம் பாதிக்கும்.

போகிறவர்களுக்கு

பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் ஒரு காலைக்குள் முடிந்துவிடும். கானாடுகாத்தான் வீடுகளுக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கும் ஒரு மத்தியானம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்ளலாம். சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள் செப்டம்பர் 26. அதையொட்டி ஆய்வகங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது வழக்கம். மற்ற நாட்களில் முன்கூட்டியே அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். பள்ளி மூலமாகக் கேட்பது சுலபம்.

சாயங்காலம் செட்டிநாட்டுத் தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். பர்மா தேக்குத் தூண்கள் நிற்கும் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கடல் கடந்து போய்ச் சம்பாதித்து, ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த தலைமுறை கட்டியவை அவை. அந்தத் தலைமுறையில் வந்த ஒருவர்தான், சேர்த்ததில் ஒரு பங்கை முந்நூறு ஏக்கராகவும் பதினைந்து லட்சமாகவும் இந்த ஊரின் படிப்புக்கு வைத்துவிட்டுப் போனார்.

பயிலரங்கு முடிந்து வீடு திரும்பும் பிள்ளை, தான் செய்த விளக்கைத் திண்ணையில் வைத்து அழுத்தும். ஆச்சி வெற்றிலையை மடித்தபடி, “எங்கடா வாங்கினே?” என்பார்.

“வாங்கல ஆச்சி, நானே செஞ்சேன். ரிப்பேர் ஆனாலும் நானே பார்த்துக்குவேன்.”